பின்னங்களைச் சுருக்கச் சொல்லிக்கொடுப்பது: மீப்பெரு பொதுக் காரணியில் தொடங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னங்களைச் சுருக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். விதியைச் சொன்ன அன்று எல்லாரும் சரியாகவே போடுகிறார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் சிலர் 24/36ஐ 12/18 ஆக்கிவிட்டு அங்கேயே நிற்கிறார்கள். சிலர் மேலேயும் கீழேயும் ஒரே எண்ணைக் கழிக்கிறார்கள். இன்னும் சிலர் கூட்டல் குறியைத் தாண்டிக் கோடு போட்டு அடிக்கிறார்கள். மீப்பெரு பொதுக் காரணியை, அதாவது இரண்டு எண்களையும் மிச்சமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணை, முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்பது உங்கள் சந்தேகம்.

ஆகாது என்றுதான் சொல்வேன். மீப்பெரு பொதுக் காரணி வேலையை ஒரே அடியில் முடிக்க உதவும் கருவி, அவ்வளவுதான். அப்படி வகுத்தால் பின்னத்தின் மதிப்பு ஏன் மாறுவதில்லை என்பதை அது சொல்லாது. நீங்கள் சொன்ன மூன்று தவறுகளில் கடைசி இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பிள்ளையின் கண்ணுக்குப் பின்னம் ஒரு எண்ணாகத் தெரியவில்லை. கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தனி எண்கள்தான் தெரிகின்றன. "மேலே செய்வதைக் கீழேயும் செய்" என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை, 6/8இல் இரண்டு பக்கமும் 1ஐக் கழித்து 5/7 என்று எழுதினால் அது கவனக்குறைவு ஆகாது. சொன்ன விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறது! 6/8 என்பது 0.75, 5/7 என்பது ஏறத்தாழ 0.714. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதைச் சரிபார்க்கத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் இரண்டும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை சமான பின்னம். ஏற்கெனவே நடத்தியாயிற்று என்பீர்கள். நடத்தியிருப்பீர்கள், ஆனால் பெரும்பாலும் அது தனிப் பாடம், சுருக்குவது தனிப் பாடம் என்று இருக்கும். 2/3ஐ 8/12 ஆக்குவதும் 8/12ஐ 2/3 ஆக்குவதும் ஒரே பாதையில் போவதும் வருவதும்தான் என்று பிள்ளைகள் இணைத்துப் பார்ப்பதில்லை.

பலகையில் ஒரு செவ்வகம் வரையுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம், மொத்தம் 12. மேல் இரண்டு வரிசையையும் முழுதாக நிழலிடுங்கள். "எவ்வளவு நிழலிட்டிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். சிலர் 8/12 என்பார்கள், சிலர் 2/3 என்பார்கள். எது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாமல் அவர்களைப் பேச விடுங்கள். இரண்டும் சரிதான் என்று அவர்களே வந்து சேர்ந்த பிறகு, முக்கியமான கேள்வியைப் போடுங்கள்: 2/3இல் இருக்கும் அந்த 2 எங்கிருந்து வந்தது? படத்தில் காட்டு.

வரிசையைக் காட்டுவார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய துண்டாகப் பார்க்கிறோம். முழுச் செவ்வகத்தில் அப்படி 12 ÷ 4 = 3 துண்டுகள். நிழலில் 8 ÷ 4 = 2 துண்டுகள். நிழலிட்ட பரப்பு ஒரு துளியும் கூடவில்லை, குறையவில்லை. துண்டு பெரிதானது, அதனால் எண்ணிக்கை குறைந்தது. தொகுதியையும் (மேல் எண்) பகுதியையும் (கீழ் எண்) 4ஆல் வகுக்கிறோம் என்பதற்கு இதுதான் பொருள்: நான்கு நான்காகக் கட்டுகிறோம்.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். மூன்று மூன்றாகக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 12 கட்டங்கள் நான்கு கட்டுகளாக அழகாக வரும். நிழலிலுள்ள 8 கட்டங்களில் இரண்டு கட்டு போக 2 கட்டம் மிஞ்சும். சரி, ஐந்து ஐந்தாக? முழுச் செவ்வகமே ஒத்துழைக்காது. இரண்டு இரண்டாக? வரும், 4/6. அதற்கு மேலும் கட்டலாமா? இன்னொரு முறை இரண்டு இரண்டாகக் கட்டினால் 2/3. பொதுக் காரணி என்ற சொல்லை நீங்கள் இதுவரை பயன்படுத்தவே வேண்டியதில்லை. எந்த எண்ணால் கட்டினால் இரண்டு பக்கமும் மிச்சம் வராதோ அந்த எண்தான் ஆகும் என்பதைப் பிள்ளைகள் தோற்றுத் தோற்றே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் பெயரைச் சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

கட்டப் படத்தோடு எண்கோட்டையும் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. 0 முதல் 1 வரையுள்ள கோட்டுத்துண்டை மேலே 12 சம பாகமாகவும் கீழே 3 சம பாகமாகவும் குறியுங்கள். 8/12உம் 2/3உம் ஒரே புள்ளியில் விழும். ஒரே புள்ளி என்றால் ஒரே எண், பெயர்தான் இரண்டு. 14/8 போல மேல் எண் பெரிதாக இருக்கும் தகா பின்னங்களுக்குக் கட்டப் படம் கொஞ்சம் அசௌகரியம், எண்கோடு அங்கேயும் கைகொடுக்கும். (14/8ஐச் சுருக்கினால் 7/4, அதுவே எளிய வடிவம். 1¾ என்று கலப்பு பின்னமாக மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுக் குழப்ப வேண்டாம்.)

இப்போது எழுத்துக்கு வருவோம். சில நாளைக்காவது இந்த வரியை முழுசாக எழுத வையுங்கள்:

8/12 = (2 × 4)/(3 × 4) = 2/3 × 4/4 = 2/3 × 1 = 2/3

நீளமாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். 4/4 என்பது 1, 1ஆல் பெருக்கினால் எதுவும் மாறாது என்ற மொத்தக் காரணமும் இந்த ஒரே வரியில் இருக்கிறது. பின்னால் வரும் பாதித் தவறுகளை இந்த வரியைக் காட்டியே திருத்திவிடலாம்.

இங்கே நாமே செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். "8/12ஐ நாலால வகுத்தா 2/3" என்று வாய்தவறிச் சொல்கிறோம். சில பிள்ளைகள் அதை அப்படியே 8/12 ÷ 4 = 2/3 என்று எழுதிவிடுகிறார்கள். 8/12ஐ 4ஆல் வகுத்தால் 2/12, அதாவது 1/6 வரும். நாம் வகுப்பது தொகுதியைத் தனியாக, பகுதியைத் தனியாக. முழுப் பின்னத்தை வகுக்கவில்லை, அப்படியே வகுப்பதாகச் சொன்னாலும் 4/4ஆல், அதாவது 1ஆல் வகுக்கிறோம். பின்னத்தை முழு எண்ணால் வகுக்கும் பாடம் வரும்போது இந்த வாய்தவறல் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்கப் பெரிய தேர்வெல்லாம் வேண்டாம். 18/24, 3/4, இரண்டில் எது பெரிது என்று கேளுங்கள். "18/24" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை 18/24ஐ 3/4 என்று சரியாகச் சுருக்கத் தெரிந்த பிள்ளையாகவே இருந்தாலும், பயிற்சிக் கணக்குகளை நிறுத்திவிட்டுக் கட்டப் படத்துக்குத் திரும்புங்கள். சுருக்கினால் மதிப்பும் குறைகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்போடு இன்னும் ஐம்பது கணக்குப் போட்டாலும் கை பழகுமே தவிர வேறெதுவும் நடக்காது.

அடுத்தது இந்த "அடிப்பது". நம் வகுப்பறைகளில் "நாலாம் வாய்ப்பாட்டில் அடி" என்பது அன்றாடப் பேச்சு. தெரிந்தவர்களுக்கு அது வேகமான சுருக்கெழுத்து. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது எண்ணின் மேல் போடும் ஒரு கோடு, கோடு போட்டால் எண் காணாமல் போய்விடும். அதனால்தான் 4/12ஐக் கொடுத்தால் மேலே 4ஐ அடித்துவிட்டு, கீழே 12ஐ அடித்து 3 என்று எழுதி, மேலே ஒன்றும் இல்லையே என்று விடையை 3 என்று போடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை 0/3 என்று எழுதும். அடித்தால் மிஞ்சுவது பூச்சியமா ஒன்றா என்பது அந்தக் கோட்டில் தெரிவதில்லை. (1 × 4)/(3 × 4) என்று எழுதினால் மேலே இருக்கும் 1 கண்ணெதிரே நிற்கும். அடிப்பதை ஒரேயடியாகத் தடை செய்யச் சொல்லவில்லை. என்ன அடிக்கிறோம், அடித்த இடத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கூட்டலைத் தாண்டி அடிப்பதற்கு வருகிறேன். (2 + 3)/(2 + 5) என்று எழுதி, இரண்டு 2ஐயும் அடிக்கலாமா என்று நீங்களே முன்வந்து கேளுங்கள். அடித்தால் 3/5, உண்மையில் அது 5/7. ஏன் ஆகவில்லை? மேலே இருக்கும் 5ஐ இரண்டு இரண்டாகக் கட்ட முடியாது, கீழே 7ஐயும் முடியாது. 2 அங்கே கூட்டலில் ஓர் உறுப்பாக உட்கார்ந்திருக்கிறது, காரணியாக இல்லை. பெருக்கலில் இருக்கும் எண்ணைத்தான் வெளியே எடுக்க முடியும். இதை இந்த வயதில் தீர்க்காமல் விட்டால், இயற்கணிதத்தில் ஒரு மாறியோடு 2ஐக் கூட்டி 2ஆல் வகுக்கும் கோவையைப் பார்த்ததும் இரண்டு 2ஐயும் அடித்துவிட்டு மாறியை மட்டும் எழுதுவார்கள். மேல் வகுப்பு ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் தவறு இதுதான், விதை இங்கே விழுகிறது.

இதன் இன்னொரு உருவம் 2/3 + 3/4. குறுக்கே இரண்டு 3ஐயும் அடித்து 2/4, பிறகு 1/2 என்று விடை வரும். பெருக்கலில் செய்த பழக்கத்தைக் கூட்டலுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். விதியைத் திரும்பச் சொல்வதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: 2/3 தனியாகவே பாதிக்கு மேல், அதோடு இன்னொன்றைக் கூட்டியும் எப்படிப் பாதி ஆகும்? (சரியான விடை 17/12, ஒன்றையே தாண்டுகிறது.) தோராயமாக எவ்வளவு வரும் என்று முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கும் பழக்கம், பின்னத்தில் எந்த விதியையும் விட அதிகத் தவறுகளைத் தடுக்கும்.

இலக்கங்களை அடிப்பது வேறு வகை. 16/64இல் மேலும் கீழும் இருக்கும் 6ஐ அடித்தால் 1/4, அதுதான் சரியான விடையும்! 19/95, 26/65, 49/98 ஆகியவையும் இப்படியே ஏமாற்றும். பூச்சியத்தை அடிக்கும் சாதாரண வகையை விட்டுவிட்டால், 1ஐ விடச் சிறிய ஈரிலக்கப் பின்னங்களில் இந்த விளையாட்டு பலிப்பது இந்த நான்கில் மட்டும்தான். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், கட்டாயம் காட்டுங்கள். உடனே 13/39ஐயும் கொடுங்கள். 3ஐ அடித்தால் 1/9, சரியான விடையோ 1/3. தவறான வழியிலும் சரியான விடை வரலாம் என்பதால்தான் விடைத்தாளில் வழியையும் பார்க்கிறோம் என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சரி, எங்கே நிறுத்துவது என்ற சிக்கல். "இதுக்கு மேல போகாது சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பெரும்பாலும் 2ஆல் போகாது என்றுதான் பொருள். 15/21 கொடுத்துப் பாருங்கள், இரண்டுமே ஒற்றைப்படை எண் என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். 2, 3, 5 ஆகியவற்றின் வகுபடும் தன்மை விதிகள் விரல்நுனியில் இருக்க வேண்டும், 9க்கும் 10க்கும் தெரிந்திருந்தால் நல்லது. 7க்கு ஒரு விதி இருக்கிறது, ஆனால் அதை நினைவில் வைப்பதற்குப் பேசாமல் 7ஆல் வகுத்தே பார்த்துவிடலாம்.

இவற்றை விடப் பயனுள்ள ஒன்றை நாம் பெரும்பாலும் சொல்வதே இல்லை. பொதுக் காரணி என்பது இரண்டில் சிறிய எண்ணுக்கும் காரணியாக இருந்தாக வேண்டும். ஆகவே சிறிய எண்ணின் காரணிகளை மட்டும் சோதித்தால் போதும். 14/273 என்று ஒன்று வந்தால் 3ஆல் போகுமா, 5ஆல் போகுமா என்று அலைய வேண்டாம். 14இன் பகா காரணிகள் 2உம் 7உம்தான். 273 ஒற்றைப்படை, 2 போயிற்று. 7ஆல் வகுத்தால் 39. விடை 2/39. தொகுதி பகா எண்ணாக இருந்தால் இன்னும் எளிது, ஒரே ஒரு வகுத்தலில் முடிவு தெரிந்துவிடும்.

அடுத்து 51/85. பெரியவர்களே பலர் இதைப் பார்த்துவிட்டு எளிய வடிவம் என்று கையை விரிப்பார்கள். இங்கே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 85 − 51 = 34. இரண்டு எண்களையும் மிச்சமின்றி வகுக்கும் எண் எதுவானாலும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். கட்டுகளில் யோசித்தால் இது பளிச்சென்று தெரியும்: சில முழுக் கட்டுகளிலிருந்து சில முழுக் கட்டுகளை எடுத்தால் மிஞ்சுவதும் முழுக் கட்டுகளே. 34இன் பகா காரணிகள் 2, 17. 51 ஒற்றைப்படை, எனவே 17ஐ மட்டும் பார்த்தால் போதும். 51 = 3 × 17, 85 = 5 × 17. விடை 3/5.

இந்த ஒரு யோசனையில் நிறைய அடங்கியிருக்கிறது. 14/15 போல அடுத்தடுத்த எண்கள் என்றால் வித்தியாசம் 1, எதுவும் செய்ய வேண்டாம், எப்போதும் எளிய வடிவம்தான். 35/37இல் வித்தியாசம் 2, எண்கள் ஒற்றைப்படை, முடிந்தது. 91/98இல் வித்தியாசம் 7, இரண்டையும் 7ஆல் வகுத்தால் 13/14. வித்தியாசமே பெரிய எண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் (கேட்பார்கள்) திரும்பத் திரும்பக் கழிக்கலாம் என்று சொல்லுங்கள். 221/299ஐ எடுத்துக்கொள்வோம். 299 − 221 = 78. 221 − 78 = 143, 143 − 78 = 65, 78 − 65 = 13. 65ஐ 13 மிச்சமின்றி வகுக்கிறது, ஆகவே பொதுக் காரணி 13. விடை 17/23.

பொது ஆண்டுக்கு முன் 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமென்ட்ஸ்' நூலின் ஏழாம் பகுதி தொடக்கத்தில் வைத்திருக்கும் முறை இதுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது சீனாவின் பழைய கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' சொல்லும் விதி. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே பின்னத்தைச் சுருக்கும் முறை வருகிறது. பாதியாக்க முடிந்தால் இரண்டையும் பாதியாக்கு. முடியாவிட்டால் பெரியதிலிருந்து சிறியதை மாற்றி மாற்றிக் கழி, இரண்டும் சமமாகும்வரை. அந்தச் சம எண்ணால் இரண்டையும் வகு. அங்கே தரப்பட்டிருக்கும் கணக்குகளில் ஒன்று 49/91. 91 − 49 = 42, 49 − 42 = 7, பிறகு 42இலிருந்து 7ஐக் கழித்துக்கொண்டே வந்தால் 7இல் சமமாகும், விடை 7/13. கவனித்தீர்களா, "பாதியாக்க முடிந்தால் பாதியாக்கு" என்பதைத்தான் நம் பிள்ளைகளும் சொல்லாமலே செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் குற்றம் இல்லை, அதற்கு அடுத்த அடிதான் அவர்களிடம் இல்லை.

வாய்ப்பாடு பலவீனமாக இருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? சுருக்கக் கற்பதற்கு முன் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு வா என்று அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை பின்னத்தையும் இழக்கும். 12க்கு 12 பெருக்கல் அட்டவணையை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். 2ஆம் வரிசையையும் 3ஆம் வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்து வைத்தால் 2/3, 4/6, 6/9, 8/12 என்று சமான பின்னங்கள் வரிசையாக நிற்கும். இப்போது 18/24ஐச் சுருக்க வேண்டும். 18உம் 24உம் ஒரே நெடுவரிசையில் வரும் இடத்தைத் தேடு. 2ஆம் நெடுவரிசையில் இருக்கிறது, இடதுபக்கம் வரிசையின் தலையில் பார்த்தால் 9உம் 12உம். அதாவது 9/12. 3ஆம் நெடுவரிசையிலும் இருக்கிறது, தலையில் 6/8. 6ஆம் நெடுவரிசையில் பார்த்தால் 3/4. வலதுபக்கம் போகப் போக விடை எளிதாகிக்கொண்டே வருகிறது! மிகவும் வலதுபக்கம் இருக்கும் நெடுவரிசைதான் மீப்பெரு பொதுக் காரணி. அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அது என்ன செய்கிறது என்று பிள்ளை பார்த்துவிடுகிறது. தேடித் தேடி வாய்ப்பாடும் கொஞ்சம் மண்டையில் ஏறும்.

இதற்குப் பிறகுதான் மீப்பெரு பொதுக் காரணிக்குப் பெயர் சூட்ட வேண்டிய நேரம். 84/126ஐக் கொடுத்து, அவரவர் வழியில் சுருக்க விடுங்கள். ஒருவர் 2ஆல் வகுத்து 42/63, பிறகு 3ஆல் 14/21, பிறகு 7ஆல் 2/3 என்று வருவார். இன்னொருவர் முதலில் 6ஆல் வகுத்து 14/21, பிறகு 7ஆல் முடிப்பார். வேறொருவர் 7இல் தொடங்குவார். எல்லாரும் 2/3இல்தான் வந்து நிற்பார்கள். இப்போது வகுத்த எண்களைப் பெருக்கச் சொல்லுங்கள். 2 × 3 × 7 = 42, 6 × 7 = 42. வழி எதுவானாலும் 42. இந்த 42ஐ முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் ஒரே அடியில் முடித்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வருவதற்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தோம்.

பகா காரணிகளாகப் பிரித்துக் காட்டினால், எல்லாரும் ஏன் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பதும் தெரியும். 84 = 2 × 2 × 3 × 7, 126 = 2 × 3 × 3 × 7. பொதுவானவற்றை ஜோடி ஜோடியாக எடுத்துவிட்டால் மேலே 2, கீழே 3. இனிப் பகிர்ந்துகொள்ள எதுவும் இல்லை, சார்பகா எண்கள் ஆகிவிட்டன. ஆனால் எல்லாக் கணக்குக்கும் இதைக் கட்டாயமாக்காதீர்கள். 6/10க்குக் காரணிப் பட்டியல் இரண்டு, அதில் பொதுவானவற்றுக்கு வட்டம், பெரியதற்கு இரட்டை வட்டம் என்றெல்லாம் எழுத வைப்பது வீண் வேலை. ஒரே அடியில் போவதும் மூன்று அடியில் போவதும் பிள்ளையின் விருப்பம். மூன்று அடியில் நிதானமாகப் போகிற பிள்ளை பெரும்பாலும் கடைசிவரை போய்விடும், ஒரே அடியில் தாவ நினைத்துத் தவறான காரணியைப் பிடிக்கிற பிள்ளைதான் விழும்.

பயிற்சிக் கணக்குகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாடநூல் பயிற்சிகளில் ஏறக்குறைய எல்லாப் பின்னமும் சுருங்கும். அதனால் "இது சுருங்குமா?" என்ற கேள்வியே பிள்ளைக்கு எழுவதில்லை, எதையாவது வைத்து வகுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறது. நிஜத்தில் நிலைமை தலைகீழ். இரண்டு எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், நூற்றில் ஏறத்தாழ 61 ஜோடிகளுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணியே இராது. ஆகவே 8/15, 9/16, 25/36 போன்றவற்றை நடுநடுவே தூவுங்கள். இவை நல்ல பொறிகள். 9உம் 16உம் தனித்தனியே பகு எண்கள், "பெரிய எண், வகுபடும், எனவே சுருங்கும்" என்று அவசரப்படும் பிள்ளை இங்கே நின்று யோசிக்கும்.

விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். சுருக்கினால் 2/5 வரும் மூன்று பின்னங்களைச் சொல், அவற்றில் ஒன்றின் பகுதி 100ஐத் தாண்ட வேண்டும். பகுதி 24 உள்ள, 1ஐ விடச் சிறிய பின்னங்களில் எவையெவை ஏற்கெனவே எளிய வடிவில் இருக்கின்றன? (தொகுதி 1, 5, 7, 11, 13, 17, 19, 23 என எட்டு. இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறதா என்று கேளுங்கள், முன்னும் பின்னும் ஜோடி சேர்த்தால் 24 வருவதைச் சிலர் பிடித்துவிடுவார்கள்.) ஒரு பின்னத்தைச் சுருக்கினால் 3/4, அதன் தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் 56, அந்தப் பின்னம் எது? மூன்று கட்டும் நான்கு கட்டும் சேர்ந்து ஏழு கட்டு, ஏழு கட்டு 56 என்றால் கட்டுக்கு 8, எனவே 24/32. இயற்கணிதம் இல்லாமலே கட்டு என்ற யோசனை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறது.

அளவுகள் வரும் கணக்கில் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். 2 மணி நேரத்தில் 40 நிமிடம் எவ்வளவு பங்கு என்றால் 40/2 எழுதி 20 என்பார்கள். 40/120, அதாவது 1/3.

எப்போதும் சுருக்கியே ஆக வேண்டுமா என்றால், இல்லை. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 2 வருவதற்கான நிகழ்தகவு 1/36, 3 வருவதற்கு 2/36, பிறகு 3/36, 4/36, 5/36, 7க்கு 6/36. சுருக்காமல் விட்டால் ஒவ்வொன்றாக ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. சுருக்கினால் 1/36, 1/18, 1/12, 1/9, 5/36, 1/6 என்று ஆகி ஒழுங்கு மறைந்தே போய்விடும். 9/24ஐயும் 7/24ஐயும் கூட்டப் போகும்போது 9/24ஐ 3/8 ஆக்குவது வேலையைக் கெடுத்துக்கொள்வது. 13/20ஐ விழுக்காடாக மாற்ற வேண்டுமென்றால் 65/100 என்று விரிக்கத்தான் வேண்டும். மறுபக்கம், 14/15 × 25/28 போன்ற பெருக்கலில் முன்கூட்டியே சுருக்காமல் 350/420 வரை போவது வீண் சுமை. 14உம் 28உம் 1, 2 ஆகின்றன, 25உம் 15உம் 5, 3 ஆகின்றன, விடை 5/6. தசமமாக மாற்றும்போதும் சுருக்கியிருந்தால் வசதி: 21/56இன் பகுதியில் 7 இருப்பதைப் பார்த்துவிட்டு முடிவில்லாத் தசமம் என்று நினைத்துவிடலாம். சுருக்கினால் 3/8, அது 0.375 என்று முடிந்துவிடுகிறது. எளிய வடிவில் பகுதியில் 2உம் 5உம் மட்டும் காரணிகளாக இருந்தால்தான் தசமம் முடியும் என்ற விதியே, முதலில் சுருக்கிவிட்டுப் பார்த்தால்தான் பொருந்தும்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. கேள்வியில் "எளிய வடிவில் தருக" என்று இல்லாத இடத்தில் விடை 12/18 என்று இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மதிப்பு சரி. எளிய வடிவம் உங்களுக்கு வேண்டுமென்றால் அதைக் கேள்வியிலேயே கேட்டு, அதற்கென்று தனியாக அரை மதிப்பெண் வையுங்கள். 12/18க்கு முழுச் சுழி போட்டுவிட்டு 5/7 எழுதிய பிள்ளைக்கும் அதே சுழியைப் போட்டால், முதல் பிள்ளை தன் விடையும் மதிப்பிலேயே தவறு என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் 12/18உம் 2/3உம் ஒரே எண் என்று நீங்கள் எத்தனை கட்டம் வரைந்து காட்டினாலும் நம்பாது.